கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மட் செய்யச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம்



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருக்கிறது. பிள்ளைகளின் கல்லூரி ப்ராஜெக்ட், கடையின் வரவு செலவு, கல்வி உதவித்தொகைக்கு ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், நிகாஹ் படங்கள், மௌத்தாகிவிட்ட பெரியவர் ஒருவரின் குரல் பதிவு என்று எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தினால் அது எழுந்திருப்பதில்லை.

அப்போது பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அவசரமாகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்கள். என்னவென்று புரியாமலே சரி என்று தலையாட்டுகிறோம். மாலையில் கம்ப்யூட்டர் புதுசு போல வேலை செய்கிறது. பத்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தது மட்டும் உள்ளே இருப்பதில்லை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் உள்ளே இருந்தது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நேரங்களில் கோளாறு ஒரு இடத்திலும் உங்கள் ஃபைல்கள் வேறொரு இடத்திலும் இருக்கும். கோளாறு எங்கே என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்துவிட்டால் செலவும் குறையும், இழப்பும் தவிர்க்கப்படும், இன்ஷா அல்லாஹ்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் திரை வரும்வரை வரிசையாக நான்கு வேலைகள் நடக்கின்றன. முதலில் கரண்ட் உள்ளே போகிறது. இரண்டாவதாக, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல் விழித்துக்கொண்டு ரேம், கீபோர்டு, டிஸ்ப்ளே எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. மூன்றாவதாக, விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடுகிறது. நான்காவதாக, அந்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏறுகிறது.

உங்கள் ஃபைல்கள் டிஸ்கில் மட்டுமே இருக்கின்றன. முதல் இரண்டு கட்டத்தில் நின்றுபோனால் டிஸ்க் வரைக்கும் வேலையே போகவில்லை என்று பொருள். அங்கே ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே "ஏன் ஓடவில்லை" என்று கேட்பதற்கு முன் "எங்கே நின்றது" என்று பாருங்கள்.

முதல் கட்டம்: லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை என்றால் இது கரண்ட் பிரச்சினை. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் அதே பிளக் பாயிண்டில் ஒரு மொபைல் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகப் போகிறது என்றால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். நடுவில் யுபிஎஸ் இருந்தால் அதையும் தாண்டி இணைத்துப் பாருங்கள். வீட்டு யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடும். யுபிஎஸ் மட்டும் கெட்டுப்போயிருக்க, கம்ப்யூட்டரே போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம், கரண்ட் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கலாம். வீடு கூட்டும்போது அது அணைந்திருக்கலாம். கேபிளையும் ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள், தனியாகக் கழற்ற வரும் பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்து ஆன் செய்யுங்கள். இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும் லேப்டாப்கள் உண்டு.

இதற்கும் அசையவில்லை என்றால் டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியும், லேப்டாப்பில் சார்ஜரும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. கோடை இடியின்போதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்திலும் மின்னலால் அடிபடுவது இவைதான். கருகிய வாடை வந்தால் மறுபடி ஆன் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், ஆபத்து. அதை மாற்றுவது கடைக்காரருக்குச் சிறிய வேலை.

இரண்டாம் கட்டம்: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது

கரண்ட் வந்துவிட்டது, ஆனால் படம் வரவில்லை. முதலில் மானிட்டரைப் பாருங்கள். மானிட்டர் லைட் எரிந்து "நோ சிக்னல்" என்று வந்தால் மானிட்டர் நல்லபடியாக இருக்கிறது, கேபிளையோ சிபியுவையோ பார்க்க வேண்டும். கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி மாட்டுங்கள்.

லேப்டாப்பில் திரை கறுப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கி மொபைல் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் போய்விட்டது. எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்தால் எல்லாம் டிவியில் தெரியும். அன்றே உங்கள் ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

பீப் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். பயாஸ் தன் சோதனையில் ஏதோ தவறு கண்டால் திரை இல்லாமலே சொல்லும் வழி அது. நீளமாக எத்தனை, குட்டையாக எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும் என்றாலும் பழுது பார்ப்பவருக்கு அது பாதி விடை.

டெஸ்க்டாப்பில் இந்தக் கட்டத்தில் அதிகம் தொல்லை தருவது ரேம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கேபினெட்டின் இரும்புப் பகுதியைக் கையால் ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். ரேம் பட்டையின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி வெளியே எடுங்கள். அதன் பொன்னிற விளிம்பைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, கொக்கி 'டிக்' என்று பூட்டும்வரை நேராக அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடைகளிலும் முதலில் செய்வது இதைத்தான்.

நம் ஊருக்கு ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு. மில்லுக்கும் தறிக்கும் அருகில் இருக்கும் வீடுகளில் பறக்கும் பஞ்சுத்தூசி கேபினெட்டுக்குள் போய், ஃபேனுக்குக் கீழே மெத்தை போலப் படியும். சூடு வெளியேற முடியாமல் கம்ப்யூட்டர் ஆன் ஆகி ஐந்து பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். இதற்கு மருந்து ஒரு சிறிய பெயிண்ட் பிரஷ்தான். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். பல்லியும் எறும்பும் கதகதப்புக்காக உள்ளே குடியேறியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

இன்னொரு சிறு அறிகுறி: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய ஆண்டுக்குப் போய், எஃப்1 அழுத்து என்று நிற்கிறதா? மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். வேறொன்றும் கெடவில்லை.

மூன்றாம் கட்டம்: கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து

"நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், எந்த டிஸ்கிலிருந்து விண்டோஸை ஏற்றுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பதறுவதற்கு முன் செருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். நேற்று இரவு பிரிண்ட் எடுக்கச் செருகிய பென்டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கலாம்.

அதற்கும் மாறவில்லை என்றால் ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திரை வரும். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் ஹார்டு டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, விண்டோஸின் தொடக்கப் பகுதியில்தான் கோளாறு. பெயர் இல்லை என்றால், டெஸ்க்டாப்பில் டிஸ்குக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் அழுத்திச் செருகிப் பாருங்கள். வீட்டில் மேசையை நகர்த்தியபோது அவை நழுவியிருக்கலாம்.

டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்று ஒரே சீராகச் சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். அது ஹார்டு டிஸ்கின் உள்பாகம் உடையத் தொடங்கியதன் அடையாளம். "இன்னொரு முறை பார்க்கலாம்" என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். உள்ளே முக்கியமானவை இருந்தால் ஊர்க்கடையில் திறக்க விடாதீர்கள். டேட்டா மீட்பையே தொழிலாகச் செய்யும் இடங்கள் பெரிய நகரங்களில் உண்டு. செலவு அதிகம்தான். உள்ளே இருப்பதன் மதிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாக வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அக்கா வாங்கியதைத் தம்பி தங்கைகள் படித்து, இன்று அம்மா குர்ஆன் விளக்க உரை கேட்கப் பயன்படுத்தும் லேப்டாப்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.

தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். ஆன் செய்தவுடன் "விண்டோஸா, லினக்ஸா" என்று கேட்கும் ஒரு பட்டியல் வருமே, அதைக் காட்டுவது கிரப் என்ற சிறு நிரல். அதன் ஒரு துண்டு டிஸ்கின் தொடக்கத்திலும், மீதி லினக்ஸ் இருக்கும் பகுதியிலும் இருக்கிறது. படத்துக்கும் விளையாட்டுக்கும் இடம் வேண்டும் என்று யாராவது லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டால், கிரப் தன் மீதித் துண்டைத் தேடி, கிடைக்காமல் "கிரப் ரெஸ்க்யூ" என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் தங்கள் இடத்தில் அப்படியே இருக்கின்றன. வாசலில் நின்று வழி காட்டியவர் மட்டும் போய்விட்டார். விண்டோஸ் டிஸ்க் அல்லது பென்டிரைவைப் போட்டு, ரிப்பேர் பகுதிக்குப் போய், தொடக்கப் பதிவைத் திருத்தும் "பூட்ரெக்" கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் நேராக எழும். விவரம் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. இதற்காக முழு லேப்டாப்பையும் ஃபார்மட் செய்வது, சாவி தொலைந்ததற்காக வீட்டை இடிப்பது போன்றது.

நான்காம் கட்டம்: விண்டோஸ் பாதியில் நிற்கிறது

விண்டோஸ் சின்னம் வருகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது நீலத்திரை வந்து தானாக மறுபடி ஆன் ஆகிறது. முதல் மருந்து பொறுமை. அப்டேட் ஏறிக்கொண்டிருந்தால் பழைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் அணைத்தால்தான் கெடும். நீலத்திரை வந்தால் அதிலிருக்கும் குறியீட்டை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் ஆகியும் அசையவில்லை, டிஸ்கிலும் தப்பான சத்தம் இல்லை என்றால், பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி ஆன் செய்து, விண்டோஸ் சின்னம் வந்ததும் அதேபோல் அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தானாக ரிப்பேர் திரை வரும். அதில் "டிரபுள்ஷூட்", பிறகு "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று போங்கள். கீழ்க்கண்ட வரிசையில் முயலுங்கள்:

1. "ஸ்டார்ட்அப் ரிப்பேர்". விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்யப் பார்க்கும். ஃபைல்களைத் தொடாது.

2. "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". நேற்று அப்டேட் ஆகி இன்று எழவில்லை என்றால் இதுதான் வழி.

3. "சிஸ்டம் ரெஸ்டோர்". விண்டோஸை மட்டும் சில நாள் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும்.

4. "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்" போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட். குறைந்தபட்ச நிரல்களோடு விண்டோஸ் எழும். அப்படி எழுந்தால் முதல் வேலையாகப் பென்டிரைவில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள். பழுது பார்ப்பது அப்புறம்.

அதே திரையில் "ரீசெட் திஸ் பிசி" என்றும் இருக்கும். அதில் "கீப் மை ஃபைல்ஸ்", "ரிமூவ் எவ்ரிதிங்" என்று இரண்டு வழி. முதலாவது உங்கள் ஃபைல்களை வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்றிய மென்பொருள்களை நீக்கும். டேலி, தமிழ் எழுத்துரு எல்லாம் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது எல்லாவற்றையும் துடைத்துவிடும். அவசரத்தில் விரல் மாறக்கூடிய இடம் இது. காப்பி எடுக்காமல் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோளாறு வேறு, இழப்பு வேறு என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. விமானங்கள் நின்றன. மருத்துவமனைகள் திணறின. நம் நாட்டிலும் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் சொன்ன தீர்வு சேஃப் மோடில் போய் அந்த ஒரு தவறான ஃபைலை நீக்குவதுதான். யாரும் ஃபார்மட் செய்யச் சொல்லவில்லை.

அன்று அதிகம் அவதிப்பட்டவர்கள் பிட்லாக்கர் சாவியைத் தேடியவர்கள். புது லேப்டாப் வைத்திருக்கும் நம் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. திருடு போனால் நல்லது. ஆனால் பழுதாகும்போது 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அது இல்லாமல் கடைக்காரராலும் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினோம் என்பதையும் எழுதி வையுங்கள்.

விண்டோஸே எழாவிட்டாலும் ஃபைல்களை எடுக்கலாம்

நான்கு வழியும் பலிக்கவில்லை, ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்றால் இரண்டு வழி உண்டு.

ஒன்று, டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவ் போல இணைப்பது. அதற்கான கேபிள் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும்.

இரண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதைச் செருகி ஆன் செய்வது. டிஸ்கில் எதையும் ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும், காப்பி எடுக்கலாம். "இன்ஸ்டால்" என்ற பட்டனை மட்டும் தொட்டுவிடக் கூடாது.

தெரியாமல் ஃபார்மட் ஆகிவிட்டிருந்தாலும் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் ஏற்றாமல் அணைத்து வையுங்கள். பழைய வகை ஹார்டு டிஸ்கில் அழித்தது பல நேரம் மீட்கக் கிடைக்கும். புது வகை எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

கடைக்குக் கொடுக்கும்போது: அமானிதம் இரு பக்கமும்

வீட்டில் முடியாத வேலைக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும். நம் இரு ஊரிலும் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே நம் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. வங்கி விவரம் இருக்கிறது. பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த கணக்கு இருக்கிறது. இவை அமானிதம்.

கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: "என்னைக் கேட்காமல் ஃபார்மட் பண்ணாதீங்க. முதல்ல டேட்டாவை எடுங்க." இதையே ரசீதிலும் எழுதி வாங்குங்கள். சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள்.

முதல் இரண்டு கட்டத்தில் நின்ற கோளாறு, அதாவது எஸ்எம்பிஎஸ், ரேம், டிஸ்ப்ளே என்றால் அதைச் சரிசெய்ய உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. டெஸ்க்டாப்பில் சில திருகைக் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். அதை வீட்டில் வைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். லேப்டாப் என்றால் கழற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். முடிந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து வேலையை முடித்து வாங்கி வருவது நல்லது.

ஹார்டுவேர் படித்து இந்தத் தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பழுது பார்க்க வந்த கம்ப்யூட்டரில் ஒருவருடைய படங்களைத் திறந்து பார்ப்பது, அவர் வீட்டுக்குள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதற்குச் சமம். "இவரிடம் கொடுத்தால் பயமில்லை" என்ற பெயர்தான் இந்தத் தொழிலில் பெரிய பரக்கத்.

இன்னொரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் நின்றதும் மொபைலில் "கஸ்டமர் கேர்" எண்ணைத் தேடி, கிடைத்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்" என்று திரையில் வந்தாலும் பேசாதீர்கள். ஓடிபி கேட்பார்கள், ஏதாவது ஆப் ஏற்றச் சொல்வார்கள், பணம் போய்விடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மீட்கும் வாய்ப்பு.

நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டியவை

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குக் கட்டுவது என்பது காப்பி எடுத்து வைப்பது. ஒரே இடத்தில் இருக்கும் ஃபைல் பாதி தொலைந்த ஃபைல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என மூன்று இடத்தில் இருக்கட்டும். வெளியே என்பது கூகுள் டிரைவாக இருக்கலாம். ஜிமெயில், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபி இலவசம். ஊரிலிருக்கும் உறவினர் வீட்டில் வைத்த பென்டிரைவாகவும் இருக்கலாம்.

ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றுக்கு அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. அதில் துறைகளே வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். கம்ப்யூட்டர் போனாலும் அவை போகாது. ஆனால் நிகாஹ் படத்தையும் பெரியவர்களின் குரலையும் எந்த அலுவலகமும் மறுபடி தராது. எனவே முதலில் காப்பி எடுக்க வேண்டியவை அவைதான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் ஏற்றினால் படிக்கவும் டைப் செய்யவும் பயான் கேட்கவும் தாராளமாக உழைக்கும். யாருக்காவது ஸதகாவாகக் கொடுப்பதாக இருந்தால், ஃபைல்களை எடுத்துவிட்டு, ரீசெட்டில் "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து, "கிளீன் டேட்டா" என்பதையும் இயக்கிவிட்டுக் கொடுங்கள். சும்மா அழித்ததை மென்பொருள் கொண்டு திரும்ப எடுத்துவிட முடியும்.

வெட்டி எடுத்து மேசையில் ஒட்டிக்கொள்ள:

1. எந்தக் கட்டத்தில் நின்றது? கரண்ட், டிஸ்ப்ளே, டிஸ்க், விண்டோஸ்.
2. வேறு பிளக், வேறு கேபிள், பென்டிரைவைக் கழற்று. முதலில் இவை.
3. கருகிய வாடை, 'டக் டக்' சத்தம்: உடனே அணை, மறுபடி போடாதே.
4. திரையில் வந்த எழுத்தை மொபைலில் படம் பிடி.
5. ஃபைல்களை எடுத்த பிறகே பழுது. ஃபார்மட் என்பது கடைசி வழி.
6. இடி இடித்தால் பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்று.
7. மாதம் ஒருமுறை காப்பி. ஜும்ஆ நாளில் செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இந்த இதழைப் படித்து முடித்ததும், கம்ப்யூட்டர் இன்று நன்றாக ஓடினால், வீட்டில் இருக்கும் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு ஏழாவது வேலையை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். நம் உழைப்பையும் நினைவுகளையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.